முப்பத்தெட்டு மில்லிமீட்டர் விமானம்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை பறக்கவிட்ட போ-2 விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை, 11.4 மீட்டர். 1:300 அளவுப் பொம்மையில் அது 38 மில்லிமீட்டர். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் ஒல்லியாக ஒரு உடல், அந்த உடலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பள்ளங்கள். முன்பள்ளத்தில் விமானி, பின்பள்ளத்தில் வழிகாட்டி. உற்றுப் பார்த்தால் பள்ளத்துக்குள் கடுகளவு ஒரு தலை எழும்பி நிற்கும். அதற்கு வண்ணம் பூசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் முதுகு பச்சை, வயிறு நீலம், அவ்வளவுதான்.

நானும் ரொம்ப நாள் அந்தத் தலைகளைப் பூசாமல்தான் விட்டிருந்தேன்.

இந்தப் பொம்மைகளை வைத்து மேசையில் ஆடும் வான்போர் விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுகோணக் கட்டம் போட்ட ஒரு விரிப்பு. அதன்மேல் மெல்லிய கம்பிகளில் நிற்கும் குட்டி விமானங்கள். எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பகடை. வேகம், திருப்பம், உயரம் மூன்றையும் கணக்குப் பண்ணி, எதிரியின் வாலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் விதிப்படி, அனுபவம் குறைந்த விமானி முதலில் நகர வேண்டும். தேர்ந்த விமானி, எதிரி எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டு அப்புறம் நகர்வார். ஜெர்மனி சோவியத் நாட்டுக்குள் படையெடுத்த 1941 கோடைக்காலத்தின் கதை முழுக்க இந்த ஒரு விதிக்குள் இருக்கிறது. அவசர அவசரமாகப் பயிற்சி முடித்து வந்த சோவியத் பையன்கள் முதலில் நகர்வார்கள். ஸ்பெயினிலும் போலந்திலும் பிரான்சிலும் சண்டை பார்த்துவிட்டு வந்த ஜெர்மன் விமானிகள் பொறுத்திருந்து நகர்வார்கள்.

நாங்கள் மூன்று பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் வீட்டு மாடி அறையில் கூடுவோம். மற்ற இருவரும் ஜெர்மன் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். சோவியத் பக்கத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் எங்கள் பெரியப்பா வீட்டு அலமாரி. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி கடை வழியாக வந்த தமிழ்ப் புத்தகங்கள் அங்கே ஒரு தட்டு முழுக்க இருந்தன. சோவியத் போர் விமானி அலெக்ஸேய் மரேசியெவின் கதையை நான் முதலில் படித்தது அங்கேதான். 1942 ஏப்ரலில் அவருடைய யாக்-1 போர் விமானம் காட்டுக்குள் விழுந்தது. நசுங்கிய கால்களோடு பதினெட்டு நாள் பனியில் தவழ்ந்து தன் மக்களிடம் வந்து சேர்ந்தார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். செயற்கைக் கால்களோடு பயிற்சி எடுத்து, 1943 கோடையில் கூர்ஸ்க் போரில் லா-5 விமானத்தில் மறுபடி பறந்தார். அந்தக் கதையோடு வளர்ந்த தமிழர்கள் ஏராளம். எனக்கு அப்போது பத்து வயது. கால் இல்லாமல் பெடலை எப்படி மிதித்திருப்பார் என்று பெரியப்பாவைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தேன். யாக் விமானத்தை வாங்கி முதலில் மேசையில் வைத்த அன்று அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, வண்ணத்துக்கு வருவோம்.

"சோவியத் விமானத்துல என்னடா இருக்கு, எல்லாம் ஒரே பச்சை" என்று நண்பன் சொல்வான். அந்தப் பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது. யாக்-1 விமானத்தின் இறக்கை முழுக்க மரம், மேலே ஒட்டுப்பலகை. உடலுக்கு எஃகுக் குழாய்ச் சட்டம். எஞ்சினைச் சுற்றி மட்டும் உலோகத் தகடு, பின்பாதிக்குத் துணி. லாக்-3, லா-5 போர் விமானங்கள் இரண்டும் ஏறக்குறைய தச்சுவேலைதான். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு, பிர்ச் மரத்துக்குப் பஞ்சமில்லை. மெல்லிய பிர்ச் தகடுகளைப் பிசினில் ஊறவைத்து, அழுத்தி, இறுக்கி விமானம் செய்தார்கள். அதனால் பெயின்டும் இரண்டு வகையாக வந்தது. மரத்துக்கும் துணிக்கும் பூச ஏ.எம்.டி என்ற வரிசை, உலோகத்துக்கு வேறொரு வரிசை. 1941-இல் ஏ.எம்.டி-4 பச்சையும் ஏ.எம்.டி-6 கறுப்பும் முதுகில் திட்டுத் திட்டாக, வயிற்றில் ஏ.எம்.டி-7 நீலம். 1943 ஜூலையில் போர் விமானங்களுக்கு இது மாறியது. பச்சையும் கறுப்பும் போய், ஏ.எம்.டி-11, ஏ.எம்.டி-12 என்று இரண்டு சாம்பல் நிறங்கள் வந்தன. ஆகவே மேசையில் ஒரு யாக் எந்த ஆண்டில் பறக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பச்சை-கறுப்பு என்றால் 1942-இன் ஸ்டாலின்கிராட் போர். சாம்பல் என்றால் கூர்ஸ்க்குக்குப் பிறகு, மேற்கு நோக்கிப் போகும் நாட்கள்.

இதில் ஒரு சிக்கல். உண்மையான விமானத்தில் இருந்த அதே பச்சையை அப்படியே கலந்து மூன்று சென்டிமீட்டர் பொம்மையில் பூசினால் கன்னங்கரேல் என்று இருக்கும். கறுப்பைப் பூசினால் ஓட்டை விழுந்தது மாதிரி இருக்கும். நிஜத்தில் ஒரு விமானத்தை நூறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது இடையில் காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, நிறம் வெளிறித் தெரிகிறது. பொம்மைக்கும் கண்ணுக்கும் நடுவே அந்தக் காற்று இல்லை. அதைக் கிண்ணத்திலேயே கலக்க வேண்டும். ஆறு சொட்டுப் பச்சைக்கு ஒரு சொட்டு வெளிர்மஞ்சள் சேர்ப்பேன், வெள்ளை சேர்க்க மாட்டேன். வெள்ளை சேர்த்தால் பச்சை புதினா நிறத்துக்குப் போய்விடும். கறுப்புத் திட்டுக்குக் கறுப்பு பாட்டிலைத் திறப்பதே இல்லை, அடர்சாம்பல்தான். அப்புறம் கொஞ்சம் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓடவிட்டால் தகடுகளின் இடுக்கில் போய்த் தங்கும். காய்ந்ததும் ஈரமில்லாத பிரஷில் வெளிர்பச்சையைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரச வேண்டும். இறக்கையின் முன்விளிம்பு சட்டென்று எழுந்து வரும். இவ்வளவு நாளாகியும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை.

நட்சத்திரத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டாலின்கிராட் ஆட்டத்துக்காக ஆறு யாக்-1 பூசி முடித்தேன். டெக்கால் என்ற ஒட்டுப்படத் தாளில் வெள்ளை ஓரமும் அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஓரமும் போட்ட நட்சத்திரங்கள் அழகாக இருந்தன. ஆறு விமானத்துக்கும் இறக்கையின் மேலும் கீழும் ஒட்டினேன். வார்னிஷும் அடித்துவிட்டேன். பிறகு ஒரு பழைய புகைப்படத்தைப் பார்க்கையில் சுருக்கென்றது. அந்த ஓரம் போட்ட நட்சத்திரம் பரவலானது 1943-இல்தான். 1942-இல் வெறும் சிவப்பு, அல்லது சிவப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு. இறக்கையின் மேல்பக்கத்து நட்சத்திரமோ, மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அடையாளம் காட்டிவிடும் என்று போர் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே போர் விமானங்களில் கைவிடப்பட்டிருந்தது. ஆறு விமானத்தையும் சுரண்டி மறுபடி பூசினேன். இரண்டு வாரம் போனது. ஸ்டாலின்கிராட்டில் பறந்தவர்களின் தலைக்கு மேல் அடுத்த வருஷத்து நட்சத்திரத்தை ஒட்டி வைப்பது சரியில்லை. அங்கே இருந்த பலர் அந்த அடுத்த வருஷத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பூசுவதற்கு மிகவும் பிடித்தது குளிர்கால வெள்ளை. பனி விழத் தொடங்கியதும் பச்சை-கறுப்பின்மேல் வெள்ளை அடிப்பார்கள். அது நிரந்தரமான பெயின்ட் இல்லை. சுண்ணப்பொடியும் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையும் சேர்ந்த கலவை. நம் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதற்குப் பெரிய வித்தியாசமில்லை. விமானத் தளத்திலேயே உறைபனியில் நின்று பிரஷால் அடித்திருக்கிறார்கள். நட்சத்திரத்தையும் எண்ணையும் மூடிவிடாமல் சுற்றி அடித்ததால், பல புகைப்படங்களில் நட்சத்திரத்தைச் சுற்றிப் பழைய பச்சை கோணல்மாணலாக எட்டிப் பார்க்கும். சொரசொரப்பான அந்தப் பூச்சு விமானத்தின் வேகத்தையே குறைத்தது. விமானி ஏறி இறங்கும் இடத்தில் தேய்ந்து போகும், எஞ்சின் புகை படும் இடத்தில் கருகும், வசந்தம் வந்தால் கழுவிவிடுவார்கள்.

இதைப் பொம்மையில் கொண்டுவர நான் முதலில் மெல்லிய வெள்ளையை இரண்டு தடவை பூசிப் பார்த்தேன், பற்பசை தடவியது போல இருந்தது. இப்போது செய்வது வேறு. பச்சை-கறுப்பை முழுதாகப் பூசி வார்னிஷ் அடித்துக் காயவைப்பேன். அதன்மேல் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே ஒரு பூச்சு. அது காய்ந்ததும், துளிப் பழுப்பு சேர்த்த வெள்ளை. கால் மணி நேரம் விட்டு, பல்குச்சியைத் தண்ணீரில் நனைத்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஹேர் ஸ்ப்ரே கரைந்து வெள்ளை சின்னச் சின்னதாகப் பெயரும், கீழிருந்து பச்சை வரும். தேய்வதைப் போல வரைவது வேறு, நிஜமாகவே தேய்ப்பது வேறு. எந்த இடத்தில் விமானியின் பூட்ஸ் படும், மெக்கானிக் எங்கே மண்டியிடுவார் என்று யோசித்து யோசித்துத் தேய்ப்பேன். ஒரு விமானத்துக்கு ஒரு மாலை ஆகும். கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஐப்பசி மழையில் மட்டும் அதை அடிக்கக்கூடாது, ஈரக்காற்றில் வெண்மையாகப் பூத்துவிடும். என் விமானங்கள் மழை நிற்கும்வரை கார்த்திகையில் காத்திருக்கும்.

என் அலமாரியில் மிக்-3 போர் விமானம் இரண்டே இரண்டுதான். தரைப்படைகளைத் தாக்கும் இல்-2 பன்னிரண்டு. இந்த விகிதத்துக்குப் பின்னால் ஒரு தந்தி இருக்கிறது. 1941 டிசம்பரில், இடம்பெயர்ந்து வந்த தொழிற்சாலைகளில் இல்-2 நாளுக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தபோது, அவற்றின் இயக்குநர்களுக்கு ஸ்டாலின் தந்தி அனுப்பினார்: செம்படைக்கு இல்-2 காற்றைப் போல, ரொட்டியைப் போலத் தேவை. மிக்-3 விமானத்துக்கும் இல்-2 விமானத்துக்கும் மிக்குலின் என்பவர் வடிவமைத்த எஞ்சின்கள். இரண்டுக்கும் சேர்த்துச் செய்ய முடியாது. மிக்-3 நின்றுபோனது. இல்-2 போர் முடிவதற்குள் 36,000-க்கும் மேல் வந்தது.

இல்-2 மேசையில் மெதுவான விமானம். திரும்பாது, ஏறாது. ஆனால் விழவும் விழாது. எஞ்சினையும் விமானியையும் சுற்றி எஃகுத் தகடு, மேலே ஒட்டிய கவசமாக இல்லாமல் அதுவே விமானத்தின் எலும்புக்கூடாக இருந்தது. எதிரி போர் விமானங்கள் வந்தால் இல்-2-கள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும், ஒன்றின் வாலை அடுத்தது காக்கும். எங்கள் ஆட்டத்தில் அந்த வட்டத்தை உடைக்க ஜெர்மன் பக்கம் படாதபாடு படும்.

முதலில் வந்த இல்-2-களில் ஒருவர்தான். பின்னாலிருந்து தாக்கி வீழ்த்துவது எளிது என்று ஜெர்மானியர் கண்டுகொண்டதும், 1942-இல் பின்னால் பார்த்து உட்காரும் துப்பாக்கிக்காரர் ஒருவரைச் சேர்த்தார்கள். எஃகுக் கவசம் விமானியின் முதுகோடு முடிந்துவிடும். துப்பாக்கிக்காரர் அதற்கு வெளியே. எதிரி பின்னாலிருந்து சுட்டால் முதலில் அவர்மேல்தான் படும். விமானியைவிடப் பின்னால் இருந்தவர்கள் அதிகம் செத்தார்கள். இது எனக்குத் தெரியும், பல வருஷமாகத் தெரியும். ஆனாலும் என் பன்னிரண்டு இல்-2-களிலும் அந்த இடத்தில் கண்ணாடி நீலம் ஒரு பூச்சுப் பூசி விட்டிருந்தேன், உள்ளே யாரும் இல்லாத மாதிரி.

இனி போ-2.

மரமும் துணியும் சேர்ந்த பயிற்சி விமானம். ஐந்து சிலிண்டர் எஞ்சின், உச்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவுதான். 1941-இல் புகழ்பெற்ற சோவியத் வீராங்கனை மரீனா ரஸ்கோவா பெண்களைக் கொண்டு மூன்று விமானப் படைப்பிரிவுகளை உருவாக்கினார். அதில் ஒன்று 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு. பிற்பாடு 46-ஆவது காவலர் பிரிவு என்ற கௌரவப் பெயருக்கு மாறியது. யெவ்தோகியா பெர்ஷான்ஸ்காயா தலைமை. விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு மாட்டுபவர் எல்லாமே பெண்கள். இருட்டில் எஞ்சினை அடக்கிச் சறுக்கி வந்து குண்டு போட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் எரிபொருள், குண்டு, மறுபடி கிளம்புவார்கள். ஓர் இரவில் எட்டு, பத்து தடவை. ஜெர்மானியர் அவர்களை இரவுச் சூனியக்காரிகள் என்றார்கள். பாராசூட் இல்லாமல்தான் வெகுகாலம் பறந்தார்கள். அந்த எடைக்குக் குண்டு எடுத்துப் போகலாமே என்பது கணக்கு.

போன வருஷம் நண்பன் ஓர் ஆட்டம் தயார் செய்து வந்தான். 1943 ஜூலை 31 இரவு, தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதி, ஜெர்மானியரின் நீலக் கோடு என்ற அரண் வரிசை. ஒரு இரவுப் போர் விமானத்துக்கு எதிராகப் போ-2-கள். "நாலு போ-2 பூசிக் கொண்டு வந்துடு" என்றான். பூசினேன். முதுகு பச்சை, வயிறு நீலம், தாங்கு கம்பிகள் கறுப்பு. தலைகளை விட்டுவிட்டேன்.

அந்த இரவில் நடந்தது இது. வழக்கமாகத் தேடுவிளக்கு பிடித்த உடனே பீரங்கிகள் சுடும். அன்று விளக்குகள் மட்டும் எரிந்தன, பீரங்கிகள் வாய் திறக்கவில்லை. மேலே ஜெர்மானியரின் இரவுப் போர் விமானம் இருந்ததுதான் காரணம். போ-2-கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வானொலி கிடையாது. முன்னால் போன விமானம் ஏன் எரிகிறது என்று பின்னால் வருபவருக்கு யாரும் சொல்ல முடியாது. நான்கு விமானங்கள் எரிந்து விழுந்தன. எட்டுப் பெண்கள். மீதி இருந்தவர்களை அன்று அதற்குமேல் பறக்க விடவில்லை.

மேசையில் இதை எப்படி விளையாடுவது? கட்டத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாமே தெரிகிறது. முதல் விமானம் விழுந்ததும் இரண்டாவதைத் திருப்பிவிடுவேன். அந்த வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. அதனால் நண்பன் ஒரு விதி போட்டிருந்தான். நான்கு விமானங்களின் பாதையையும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நான் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. தாளில் இருந்தபடி விமானத்தை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவேன், அவன் பகடை போடுவான். முதலாவது போனது. இரண்டாவது வரிசையில் வந்தது. மூன்றாவது வரும்போது அவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "போதும்டா" என்றான். நானும் சரி என்றேன். மூன்றாவதும் நான்காவதும் கம்பியில் நின்றபடியே இருக்க, டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனோம். இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

அன்று இரவு நான்கையும் வீட்டுக்கு எடுத்து வந்து, கம்பியிலிருந்து கழற்றி, மேசை விளக்கின் கீழே வைத்தேன். அடித்தட்டின் அடியில் பென்சிலால் பெயர்களை எழுதினேன். ஒன்றில் க்ருத்தோவா, சாலிக்கோவா. ஒன்றில் பொலுனினா, கஷிரினா. ஒன்றில் ரோகோவா, சுஹோருக்கோவா. நான்காவதில் விசோத்ஸ்கயா, தொகுத்தோவிச். கலினா தொகுத்தோவிச் டயரி எழுதும் பழக்கம் உள்ளவர். அதற்கு முந்தைய வருஷம், களைப்பில் புல்தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது எரிபொருள் லாரி ஒன்று அவர்மேல் ஏறிவிட்டது. முதுகெலும்பில் அடி. முழுக்கக் குணமாவதற்கு முன்பே பிரிவுக்குத் திரும்பி வந்து பறக்கத் தொடங்கினார்.

மிக மெல்லிய ட்ரிபிள் ஜீரோ பிரஷை எடுத்தேன். அந்தப் பிரஷின் நுனியில் வண்ணம் நிற்காது, தொட்ட உடனே காய்ந்துவிடும். அதனால் வண்ணத்தோடு துளி உலர்தாமதத் திரவம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டுவிட்டு, கை மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி முதலில் முகத்துக்கு ஒரு புள்ளி. அது காய்ந்ததும் தோல் தொப்பிக்குப் பழுப்பு, முகத்தைச் சுற்றி ஒரு பிறை. கண்ணாடி அணிந்த இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கீற்று. எட்டுத் தலைக்கு இரண்டு மணி நேரமானது. மறுநாள் இல்-2 பன்னிரண்டையும் எடுத்துக் கண்ணாடி நீலத்தைச் சுரண்டினேன். பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு முகம் வாலின் பக்கம் இருக்க வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.